பக்கத்து வீட்டுப் பெரியவர் கதை விடவில்லை

மகனைப் பார்க்க ஓஹாயோ வந்திருக்கும் நீங்கள், பக்கத்து வீட்டில் இருக்கும் எண்பத்தைந்து வயதுப் பெரியவரோடு பேசியதை எழுதியிருக்கிறீர்கள். 1963-இல் லாரி ஓட்டுநராகச் சேர்ந்து முப்பது ஆண்டு ஓட்டினாராம். மனைவி வேலைக்குப் போகவில்லை. மூன்று பிள்ளைகளைப் படிக்கவைத்து, வீட்டுக் கடனை அடைத்து, இன்றும் மாதம் தவறாமல் ஓய்வூதியம் வாங்குகிறார். எல்லாம் டீம்ஸ்டர்ஸ் என்ற லாரி ஓட்டுநர் சங்கத்தின் புண்ணியம் என்கிறாராம். “லாரி ஓட்டி இப்படி வாழ முடியுமா? அது மாஃபியா சங்கம் என்றல்லவா கேள்விப்பட்டிருக்கிறோம்? பெரியவர் கதை விடுகிறாரா?” என்று கேட்கிறீர்கள். கேள்வி ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே இரண்டு இருக்கின்றன. லாரி ஓட்டுநருக்கு அந்த வாழ்க்கை எப்படிக் கிடைத்தது என்பது ஒன்று. திருட்டுக் கை பட்ட சங்கம் எப்படி உறுப்பினருக்கு நல்லது செய்தது என்பது மற்றொன்று.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 1986 முதல் இருபத்திரண்டு ஆண்டுகள் ஓஹாயோவில் ஒரு சரக்கு லாரி நிறுவனத்தின் டெர்மினலில், அதாவது சரக்கைப் பிரித்து ஏற்றி வண்டிகளை அனுப்பும் நிலையத்தில், வேலை பார்த்தேன். முதலில் ஓட்டுநர்களின் சம்பளக் கணக்கு, பிறகு இரவில் வண்டிகளை அனுப்பும் மேசை. நான் நிர்வாகத்தின் பக்கம் உட்கார்ந்தவன். சங்க உறுப்பினன் அல்லன். 1950களிலும் 60களிலும் சேர்ந்த ஓட்டுநர்கள் அப்போது ஓய்வை நெருங்கிக்கொண்டிருந்தார்கள். பழைய காலத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர்கள் வாயால் கேட்டது, மீதி ஒப்பந்தப் புத்தகங்களிலும் தீர்ப்புகளிலும் படித்தது. பல கம்பெனிகளின் சில்லறைச் சரக்கைச் சேர்த்து ஊர் ஊராக ஏற்றிச் செல்லும் தொழில்தான் நான் அறிந்தது. எஃகு ஏற்றுபவர்கள், புதுக் கார் ஏற்றுபவர்கள், கட்டட வேலை லாரிக்காரர்கள் ஆகியோரின் வாழ்க்கை வேறு. அதைப் பற்றி நான் பேசப்போவதில்லை.

பெரியவர் கதை விடவில்லை. அவர் சொல்லாமல் விட்டவை சில உண்டு, அவ்வளவுதான்.

டீம்ஸ்டர் என்றால் குதிரைகளைப் பூட்டி வண்டி ஓட்டுபவர். 1903-இல் அவர்களுக்காகத்தான் சங்கம் தோன்றியது. அதன் சின்னத்தில் இன்றும் இரண்டு குதிரைத் தலைகள் இருக்கின்றன. லாரி வந்த பிறகும் நெடுந்தொலைவு ஓட்டுநர்களைச் சங்கம் பல காலம் பொருட்படுத்தவில்லை. 1934-இல் மினியாபொலிஸ் நகரத்து லாரித் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 20 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு பேர் இறந்தார்கள், அறுபதுக்கு மேற்பட்டோர் காயமடைந்தார்கள். கடைசியில் சங்கம் வென்றது. அதை நடத்தியவர்களில் ஒருவரான ஃபாரெல் டாப்ஸ் என்ற இடதுசாரிக்கு, டிராட்ஸ்கியவாதிக்கு, ஒரு யோசனை தோன்றியது. நெடுஞ்சாலை லாரி ஓர் ஊரில் கிளம்பி இன்னோர் ஊரில் இறக்கியாக வேண்டும். இறக்கும் ஊரில் சங்கம் வலுவாக இருந்தால், சங்கத்தில் சேராத ஓட்டுநரின் சரக்கு அங்கே இறங்காது. இப்படியே ஊர்விட்டு ஊர் தாவி 1938-இல் பதினொரு மாநிலங்களுக்கு ஒரே ஒப்பந்தம் போட்டார்கள். கூடவே இருந்து அந்த வித்தையைக் கற்றவர்தான் பின்னாளில் சங்கத்தின் தலைவரான டெட்ராய்ட்டின் ஜிம்மி ஹோஃபா. அவர் 1964 ஜனவரியில் சிகாகோவில் முடித்த தேசிய சரக்கு ஒப்பந்தம் நாடெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுநர்களையும் கிடங்குத் தொழிலாளர்களையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவந்தது. உங்கள் பெரியவர் வேலைக்குச் சேர்ந்த மறு ஆண்டு அது. நல்ல நேரத்தில்தான் வண்டி ஏறியிருக்கிறார்.

ஆனால் சங்கத்தின் பலம் மட்டுமே இதற்குக் காரணமில்லை. நம் ஊரில் பஸ் விட ரூட் பர்மிட் வேண்டும் அல்லவா? அதுபோல அங்கே 1935-இல் வந்த சட்டப்படி மாநிலம் விட்டு மாநிலம் பொதுச் சரக்கு ஏற்ற மத்திய ஆணையத்தின் அனுமதி தேவை. எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு, என்ன சரக்கு என்பதெல்லாம் அந்தத் தாளில் இருக்கும். பழைய நிறுவனங்கள் எதிர்த்தால் புதியவருக்கு அனுமதி கிடைப்பது குதிரைக் கொம்பு. வாடகையை நிறுவனங்கள் கூடிப் பேசி முடிவு செய்வார்கள். 1948-இல் அதற்கும் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஆக, கூலி உயர்ந்தால் வாடகையை உயர்த்திக்கொள்ளலாம். குறைந்த வாடகைக்கு ஓட்டி வயிற்றில் அடிக்க வெளியாள் வர முடியாது. முதலாளி தாராள மனதோடு கொடுத்தார் என்று பழைய ஓட்டுநர் யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கொடுக்க அவரிடம் இருந்தது, கொடுக்கவைக்கச் சங்கம் இருந்தது.

இன்னொரு சட்டத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் பதிலின் மையம் அதில்தான் இருக்கிறது. 1938-இல் வந்த கூலிச் சட்டம் வார வேலைக்கு மணிக் கணக்கில் வரம்பு வைத்து, அதற்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி என்றது. மாநிலம் கடந்து ஓடும் லாரி ஓட்டுநர்களுக்கோ அந்த மிகைநேரக் கூலி கிடையாது என்று விலக்கு வைத்தது. அந்த விலக்கு இன்றும் இருக்கிறது. எனவே நெடுஞ்சாலை ஓட்டுநரின் நேரத்துக்கு விலை வைத்தது சட்டமில்லை, சங்க ஒப்பந்தம்தான். சட்டைப் பையில் அடங்கும் சிறு புத்தகமாக அதை அச்சடித்துக் கொடுப்பார்கள்.

ஓட்டுநரின் ஒரு நடை எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். எங்கள் டெர்மினலிலிருந்து இரவு ஒன்பது மணிக்குச் சிகாகோ போகும் வண்டி. சாலையில் ஓடும் தூரத்துக்கு மைல் கணக்கில் கூலி. அது எல்லோருக்கும் தெரியும், இன்றும் அப்படித்தான். ஆனால் டிரெய்லரில் சரக்கு ஏற்றி முடியும்வரை யார்டில் காத்திருந்தால் மணிக் கணக்கில் கூலி. வழியில் வண்டி பழுதாகி நின்றால் மெக்கானிக் வரும்வரை கூலி. டிரெய்லரைக் கழற்றி மாட்டினால் அதற்கும் கூலி. சிகாகோவில் நிறுவனச் செலவில் அறை, பகலில் தூக்கம். திரும்புவதற்கு லோடு தயாராகாமல் ஒப்பந்தம் குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டால், அறையில் படுத்திருக்கும் நேரத்துக்கும் கூலி ஓடத் தொடங்கிவிடும். இதையெல்லாம் ஒவ்வொரு நடைக்கும் ஓட்டுநர் ஒரு தாளில் நிமிடக் கணக்காக எழுதிக் கொடுப்பார். டிரிப் ஷீட் என்போம். நான் வேலையில் சேர்ந்த முதல் குளிர்காலத்தில், ஒரு மூத்த ஓட்டுநரின் தாளில் டிரெய்லருக்காகக் காத்திருந்தது இருபத்தைந்து நிமிடம் என்று இருந்தது. பனிப்புயல் நாள், எல்லோரும்தான் தாமதம், இதற்கெல்லாமா கொடுப்பது என்று மேலாளர் சொன்னதைக் கேட்டு நான் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மறுநாள் அவர் என் ஜன்னலுக்கு வந்தார். பனி ஈரம் காயாத கையுறையைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். பையிலிருந்து சிறு புத்தகத்தை எடுத்துப் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியின் கீழ் விரலை வைத்துக் காட்டினார். ஒரு வார்த்தை பேசவில்லை. அடித்ததன் மேல் மறுபடி இருபத்தைந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தொகை சொற்பம். அவருக்கும் அது தெரியும்.

பெரியவரின் வீடும் ஓய்வூதியமும் இந்த இருபத்தைந்து நிமிடங்களால் ஆனவை என்பதே என் கருத்து. ஓட்டுநரின் நேரம் வீணானால் முதலாளிக்குச் செலவு. அதனால் முதலாளியே பார்த்துப் பார்த்து வண்டியைத் தாமதமின்றி அனுப்புவார். இன்று சங்கம் இல்லாத ஓட்டுநர்களில் பலர் கிடங்கு வாசலில் பல மணி நேரம் கூலியின்றிக் காத்துக் கிடக்கிறார்கள். கிடங்குக்காரருக்கு அதனால் நட்டமில்லை.

இரண்டாவது பெரிய சொத்து பணிமூப்பு. சுவரில் ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும். சேர்ந்த தேதிப்படி பெயர்கள். எந்தத் தடம், எந்த நேரம், எப்போது விடுமுறை என்பதை மேலிருந்து கீழாக ஒவ்வொருவரும் தேர்ந்தெடுப்பார்கள். பாதி வழியில் எதிரே வரும் வண்டியோடு டிரெய்லரை மாற்றிக்கொண்டு விடியற்காலையில் வீட்டுக்கே திரும்பிவிடும் தடங்கள் மூத்தவர்களுக்குப் போகும். பட்டியலின் அடியில் இருப்பவருக்குத் தடமே கிடையாது. வீட்டுத் தொலைபேசி பக்கத்திலேயே இருக்க வேண்டும்; நான் கூப்பிட்டால் இரண்டு மணி நேரத்தில் வந்து நிற்க வேண்டும். பிள்ளையின் பிறந்தநாள் கேக் வெட்டும்போது நான் கூப்பிட்ட வீடுகள் எத்தனையோ. பத்துப் பதினைந்து ஆண்டுகள் இப்படி ஓடிய பிறகுதான் நல்ல தடம் கைக்கு வரும். பெரியவர் உங்களிடம் சொன்னது பெரும்பாலும் அதற்குப் பிந்தைய காலத்தின் கதையாக இருக்கும். பிள்ளைகளைப் படிக்கவைத்தேன் என்கிறார். அவர்கள் வளர்ந்ததை அருகிருந்து பார்த்தவர் அவர் மனைவியாகத்தான் இருப்பார்.

வேலை சுகமானதா என்றால், இல்லை. வண்டியின் மொத்த நீளத்துக்குச் சட்டம் வரம்பு வைத்திருந்ததால், சரக்குக்கு இடம் மிச்சம் பிடிக்க இன்ஜின் மேலேயே கேபினை வைத்த வண்டிகள் ஏராளம். கோடையில் இன்ஜின் சூடு காலடியில், குளிர்காலத்தில் சந்துகளில் எல்லாம் காற்று. பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை யார்டில் பின்னால் எடுத்துத் தோளைத் தேய்த்துக்கொண்டவர்கள் பலரை நான் பார்த்திருக்கிறேன். முதுகு, முழங்கால், ஓட்டுநர் பக்க ஜன்னல் ஓரத்துக் காது, இம்மூன்றும் முழுசாக ஓய்வு பெற்றவர் அபூர்வம். நம் ஊர் லாரியைப் போல உடன் கிளீனரும் கிடையாது, இரவு முழுவதும் தனிமை. எட்டு மணி நேர ஓய்வுக்குப் பிறகு பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது அன்றைய விதி. ஒவ்வொரு மணிக்கும் கணக்குப் புத்தகம் எழுத வேண்டியிருந்தது. பொய்க் கணக்கு எழுதியவர்களும், தூக்கம் வராமலிருக்க மாத்திரை போட்டவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. சங்க ஓட்டுநர்களிடம் அது குறைவு என்பது என் எண்ணம். காத்திருப்புக்குக் கூலி வரும்போது இழந்த நேரத்தை ஓட்டிப் பிடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் இது நான் பார்த்த ஒரு டெர்மினலை வைத்துச் சொல்வது, நிரூபணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியவர் வெள்ளைக்காரர் என்று நினைக்கிறேன். அவர் சொல்லாமல் விட்டதில் பெரியது இதுதான். அந்த நெடுஞ்சாலை வேலை எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. 1977-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், டீம்ஸ்டர்ஸ் சங்கமும் நாடு தழுவிய ஒரு சரக்கு நிறுவனமும் எதிர்த்தரப்பு, வழக்குத் தொடுத்தது மத்திய அரசு. 1971 நிலவரப்படி அந்த நிறுவனத்தில் 1,828 நெடுஞ்சாலை ஓட்டுநர்கள். அவர்களில் கறுப்பர்கள் எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் வழக்கு வந்த பிறகு சேர்க்கப்பட்டவர்கள். மற்றக் கறுப்பர்களுக்கு நகருக்குள் ஓட்டுவதும், வண்டி துடைப்பதும், டயர் மாட்டுவதும்தான். நகர ஓட்டுநருக்கு ஒரு பட்டியல், நெடுஞ்சாலைக்கு வேறு பட்டியல். அங்கிருந்து இங்கே மாறினால் பத்து ஆண்டு மூப்பும் போய்ப் பட்டியலின் அடியில் நிற்க வேண்டும். பாகுபாடு நடந்தது உண்மை என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், இந்த இரட்டைப் பட்டியல் முறை சட்ட விரோதமில்லை என்றும் சொல்லிவிட்டது. எந்தப் பட்டியல் பெரியவருக்கு அரணாக இருந்ததோ, அதே பட்டியல் இன்னொருவருக்குச் சுவராக நின்றது. இதைப் பழைய ஓட்டுநர்களிடம் நான் கேட்டபோதெல்லாம் பேச்சு வானிலைக்குத் தாவிவிடும்.

உறுப்பினரான பிறகும் எல்லாம் நியாயமாக நடந்துவிடவில்லை. வேலையிலிருந்து நீக்கப்பட்டவரின் புகாரை விசாரிக்கும் குழுவில் நிறுவனங்களின் ஆட்கள் பாதி, சங்கத்தின் ஆட்கள் பாதி; நடுவர் கிடையாது. ஹோஃபாவுக்கு நடுவர்களைப் பிடிக்காது. இதனால் பல தகராறுகள் ஒரே நாளில் தீர்ந்தன. ஆனால் தலைவருக்குப் பிடிக்காத உறுப்பினரின் கதி என்ன? 1967-இல் ஓஹாயோவில் எட்டு ஓட்டுநர்கள் தாங்கள் தங்கிய மோட்டலின், அதாவது சாலையோர விடுதியின், வாடகையைக் கூட்டிக் காட்டிப் பணம் வாங்கினார்கள் என்று நீக்கப்பட்டார்கள். மோட்டல் கணக்கில் குறைவு, இவர்களின் ரசீதில் அதிகம். மோட்டலில் போய் விசாரியுங்கள் என்று மன்றாடினார்கள்; சங்கம் கவலைப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்தது. குழு நீக்கத்தை உறுதி செய்தது. பிறகு மோட்டல் குமாஸ்தாவே ஒப்புக்கொண்டார்: முழு வாடகையை வாங்கிக் கணக்கில் குறைத்து எழுதி, மீதியைத் தன் பையில் போட்டுக்கொண்டது அவர்தான். 1976-இல் உச்ச நீதிமன்றம்வரை போனபின்தான், சங்கம் கடமை தவறியிருந்தால் குழுவின் முடிவு இறுதியாகாது என்று தீர்ப்பு வந்தது. சம்பளக் கணக்கு பார்த்தவன் என்பதால் இந்த வழக்கு என் மனத்தை விட்டுப் போகவில்லை. ரசீதைச் சந்தேகிப்பது எவ்வளவு எளிது என்று எனக்குத் தெரியும்.

மாஃபியா விஷயத்துக்கு வருகிறேன். அது வதந்தியில்லை. 1957-இல் செனட் விசாரணையில் ஊழல் அம்பலமாகி, தொழிற்சங்கக் கூட்டமைப்பே டீம்ஸ்டர்ஸை வெளியேற்றியது. ஹோஃபா 1964-இல் இரண்டு வழக்குகளில் தண்டிக்கப்பட்டார். 1967-இல் சிறை சென்றார். 1971-இல் அதிபர் நிக்சன் தண்டனையைக் குறைத்து விடுவித்தார். 1975 ஜூலை 30 அன்று டெட்ராய்ட் அருகே ஓர் உணவகத்து வாசலிலிருந்து காணாமல் போனார். உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. அவரை யார் என்ன செய்தார்கள் என்று உறுதியாகச் சொல்பவர் எவரையும் நம்ப வேண்டாம். சங்க உறுப்பினர்களுக்காக 1955-இல் தொடங்கிய சென்ட்ரல் ஸ்டேட்ஸ் ஓய்வூதிய நிதியிலிருந்து லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதிகளுக்குக் கடன் போனது உண்மை. 1982-இல் நீதிமன்றம் அந்த நிதியைத் தன் கண்காணிப்பில் வைத்துக்கொண்டது.

அப்படியானால் உறுப்பினர்கள் ஏன் ஹோஃபாவைச் சகித்தார்கள்? சகித்தார்கள் என்பதே தவறு, பலர் கொண்டாடினார்கள். என் டெர்மினலில் ஒருவர் அவர் படத்தைத் தன் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தார். நான் சிரித்ததைப் பார்த்து, “அவர் எவ்வளவு தின்றார் என்பது எனக்குத் தெரியாது, என் தட்டில் எவ்வளவு விழுந்தது என்பது தெரியும்” என்றார். அதில் ஒரு கணக்கு இருக்கிறது, ஒரு கண்மூடித்தனமும் இருக்கிறது. எல்லோரும் கண்ணை மூடிக்கொள்ளவும் இல்லை. 1970 வசந்த காலத்தில் சங்கத் தலைமை பேசி முடித்த கூலியை ஏற்காமல் ஓட்டுநர்கள் தாங்களாகவே வேலைநிறுத்தம் செய்தார்கள். ஓஹாயோவில் ஆளுநர் தேசியக் காவல் படையை இறக்கினார். அந்தப் பணியிலிருந்த படையினரைத்தான் அப்படியே கென்ட் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள். மே 4 அன்று நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மாணவர்களின் கதை உலகுக்குத் தெரியும், லாரிக்காரர்களின் கதை யாருக்கும் நினைவில்லை. 1976-இல் சங்கத்துக்குள்ளேயே ஜனநாயகம் கேட்டு ஓர் அணி உருவானது. தலைவரை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1991வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் காலத்தை முடித்துவைத்தது மாஃபியா இல்லை. 1980 ஜூலை 1 அன்று அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் பர்மிட் முறையைத் தளர்த்தியது. யார் வேண்டுமானாலும் வண்டி வாங்கி ஓடலாம் என்றானது, வாடகை விழுந்தது, பழைய நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடின. கடைக்காரருக்கும் நுகர்வோருக்கும் இதனால் நன்மை உண்டு என்று பொருளாதார அறிஞர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. பழைய வாடகைகள் அளவுக்கு மீறியவை என்பது எனக்கே தெரியும். காலியாகத் திரும்ப வேண்டும் என்று பர்மிட் சொன்னதால் காலியாக ஓடிய வண்டிகள் எத்தனை! ஆனால் அப்படி மிச்சமான பணத்தில் ஒரு பங்கு ஓட்டுநரின் கூலியிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் சுவர்ப் பட்டியலில் புதிதாகப் பெயர் சேர்வது ஏறக்குறைய நின்றிருந்தது.

ஓய்வூதியத்தைத் தின்றது யார் என்பதில் இன்றும் சண்டை இருக்கிறது. சூதாட்ட விடுதிக் கடன்தான் என்பார்கள் சிலர். என் கணிப்பில் அது சிறு பங்கு. நிறுவனங்கள் மூடியதால் பணம் கட்டுபவர்கள் குறைந்து வாங்குபவர்கள் பெருகினார்கள். 2007-இல் யுபிஎஸ் என்ற பார்சல் நிறுவனம் 610 கோடி டாலர் கொடுத்து அந்த நிதியிலிருந்து விலகியது. மறு ஆண்டே பங்குச் சந்தை சரிந்தது. 2016-இல் ஓய்வூதியத்தை வெட்ட நிதி நிர்வாகம் கொடுத்த திட்டத்தை அரசு நிராகரித்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ஏறத்தாழ 3,600 கோடி டாலர் கொடுத்துக் காப்பாற்றியிராவிட்டால், மூன்றரை லட்சம் பேரின் ஓய்வூதியம் பாதிக்கு மேல் வெட்டப்பட்டிருக்கும்.

அடுத்த முறை வேலி ஓரம் நின்று பேசும்போது, அவருடைய ஓய்வூதியம் சென்ட்ரல் ஸ்டேட்ஸ் நிதியிலிருந்து வருகிறதா என்று கேளுங்கள். ஆம் என்றால், 2015-இல் அவருக்கும் ஒரு கடிதம் வந்திருக்கும். எவ்வளவு வெட்டப் போகிறோம் என்று அதில் தொகை போட்டிருக்கும். அதைத் தூக்கி எறிந்தவர்கள் குறைவு. காட்டச் சொன்னால் காட்டுவார்.